லோசானில் இரண்டு தேதிகள்

முதல் உலகப் போருக்குப் பின் வந்த ஒப்பந்தங்களைக் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடமாக நடத்தியவன் நான். வெர்சாய், செயின்ட் ஜெர்மைன், நெய்யி, திரியனான், செவ்ரே என்று வரிசையாகப் பலகையில் எழுதுவேன். ஐந்து இடங்களும் பாரிஸைச் சுற்றியே இருப்பவை. ஐந்திலும் வென்றவர்கள் வாசகத்தை எழுதினார்கள். தோற்றவர்கள் வந்து கையெழுத்திட்டார்கள். ஆறாவதாக எழுதுவது லோசான், 1923 ஜூலை 24. தோற்ற நாடான துருக்கி எதிரே சமமாக உட்கார்ந்து, வாதாடி வாங்கிய ஒப்பந்தம் இது ஒன்றுதான். வெர்சாயை ஹிட்லர் கிழித்தெறிந்தார். லோசான் வரைந்த கிரேக்க – துருக்கி எல்லை இன்றும் நிற்கிறது.

இந்தப் பெருமையைப் பாடநூல்கள் சரியாகவே சொல்கின்றன. ஆனால் அதே ஊரில், அதே மாநாட்டில், ஆறு மாதம் முன்னதாக, 1923 ஜனவரி 30 அன்று, இன்னொரு உடன்படிக்கையும் கையெழுத்தானது. அது ஏறத்தாழ 16 லட்சம் மனிதர்களைப் பற்றியது. அவர்களில் ஒருவரிடமும் சம்மதம் கேட்கவில்லை.

1920-இல் செவ்ரேயில் ஒட்டோமான் சுல்தானின் அரசு ஏற்ற நிபந்தனைகளை அங்காராவில் துருக்கித் தேசியவாதிகளின் தலைவர் முஸ்தபா கெமால் ஏற்கவில்லை. அனத்தோலியாவுக்குள் வெகுதூரம் முன்னேறியிருந்த கிரேக்கப் படை 1922 ஆகஸ்டில் உடைந்தது. செப்டம்பரில் ஸ்மிர்னா நகரம் எரிந்தது. துறைமுகக் கரையில் பின்னால் நெருப்பும் முன்னால் கடலுமாக லட்சக்கணக்கானவர்கள் கப்பலுக்குக் காத்து நின்றார்கள். லோசான் மாநாடு நவம்பர் 20 அன்று தொடங்கியபோது பெரும்பாலான அனத்தோலியக் கிறிஸ்தவர்கள் ஏற்கெனவே கிரேக்கத்தில் கூடாரங்களில் இருந்தார்கள்.

துருக்கியின் தலைமைப் பிரதிநிதி இஸ்மத் பாஷா, போர்க்களத்திலிருந்து நேராக வந்த தளபதி. காது மந்தம். அந்தக் குறையையே அவர் கருவியாக்கிக்கொண்டார் என்று எதிர்த்தரப்பினர் எழுதிவைத்திருக்கிறார்கள்: பிடிக்காத வாதம் அவர் காதில் விழாது, மறுநாள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பிரிட்டன் சார்பில் வந்தவர் கர்சன் பிரபு, 1905-இல் வங்காளத்தைப் பிரித்த அதே கர்சன். கிரேக்கத்துக்காக முன்னாள் பிரதமர் வெனிசெலோஸ். மக்களை மாற்றிக்கொள்ளும் யோசனையை டிசம்பர் 1 அன்று சபை முன் வைத்தவரோ, சர்வதேச சங்கத்தின் அகதிகளுக்கான ஆணையர், நார்வேயின் துருவப் பயணி ஃப்ரிட்யோஃப் நான்சென். அந்த ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்குத்தான். பசியும் காய்ச்சலும் மண்டிய முகாம்களை நேரில் பார்த்தவர். குளிர்காலம் முடிவதற்குள் இந்த மக்களுக்கு வீடும் நிலமும் வேண்டும் என்ற தவிப்பு அவரிடம் உண்மையாகவே இருந்தது. கிரேக்கத்திலிருந்து முஸ்லிம்கள் போனால், அவர்கள் விட்டுச்செல்லும் வீட்டில் இவர்களைக் குடியேற்றலாம். கணக்கு நேரானது, அதுதான் அதன் பயங்கரம்.

உடன்படிக்கையின் முதல் பிரிவு 1923 மே 1 முதல் கட்டாயப் பரிமாற்றம் என்கிறது. போனவர் அந்த நாட்டு அரசின் அனுமதி இல்லாமல் திரும்பி வந்து வசிக்க முடியாது. எல்லையைத் தாண்டியதும் பழைய குடியுரிமை போய்விடும். இறங்கும் மண்ணின் குடியுரிமை வந்துவிடும். இஸ்தான்புல்லின் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேசின் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. நிறைவேற்ற ஒரு கலப்புக் குழு: துருக்கியர் நால்வர், கிரேக்கர் நால்வர், போரில் சேராத நாடுகளிலிருந்து மூவர்.

யார் கிரேக்கர், யார் துருக்கியர் என்று எதைக் கொண்டு பிரித்தார்கள்? மதத்தைக் கொண்டு. கப்படோக்கியாவின் கராமன்லி கிறிஸ்தவர்கள் வீட்டில் பேசியது துருக்கி மொழி; அதைக் கிரேக்க எழுத்தில் எழுதினார்கள். அவர்கள் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டார்கள். கிரீட் தீவின் முஸ்லிம்களுக்குத் தாய்மொழி கிரேக்கம். அவர்கள் துருக்கியின் ஐவலிக் பக்கம் அனுப்பப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குப் பாதி காஃபிர் என்று பெயர்; கிரேக்கத்தில் கராமன்லிகளுக்குத் துருக்கி வித்து என்று பெயர். போகச் சொன்ன ஊரிலும் அந்நியர், போய்ச் சேர்ந்த ஊரிலும் அந்நியர்.

உடன்படிக்கைக்குப் பின் கலப்புக் குழு அனுப்பியவர்கள் மட்டும் கிறிஸ்தவர்களில் சுமார் 1,90,000 பேர், முஸ்லிம்களில் சுமார் 3,55,000 பேர். முன்பே தப்பி ஓடி வந்தவர்களுக்கு உடன்படிக்கை திரும்பும் வழியை அடைத்தது. 1928 கிரேக்கக் குடிக்கணக்கில் அகதிகள் 12 லட்சத்துக்கும் மேல், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஏதென்ஸ் நகர நாடக அரங்கின் பார்வையாளர் பெட்டிகளில் குடும்பம் நடத்தினார்கள். புது ஸ்மிர்னா, புது அயோனியா என்று விட்டுவந்த இடங்களின் பெயரில் புறநகர்களை எழுப்பினார்கள். துருக்கியில் ஃபெத்தியே அருகே, கிறிஸ்தவர்கள் விட்டுப்போன காயாகோய் என்ற ஊரைப் பார்த்திருக்கிறேன். மலைச்சரிவெங்கும் கூரையில்லாத கல்வீடுகள்; ஒரு வீடு இன்னொன்றின் வெளிச்சத்தை மறைக்காதபடி அடுக்கியிருக்கிறார்கள். அண்டை வீட்டாரை அவ்வளவு மதித்த ஒரு ஊரைத்தான் கலைத்தார்கள்.

கர்சனே இதைக் கெட்ட தீர்வு என்றும், உலகம் நூறு ஆண்டுகள் விலை கொடுக்கும் என்றும் எச்சரித்தார். எச்சரித்தபடியே ஏற்றுக்கொண்டார். விலையும் வந்தது. 1937-இல் பாலஸ்தீனத்தைப் பிரிக்கப் பரிந்துரைத்த பீல் குழு, இந்தப் பரிமாற்றத்தை முன்மாதிரியாகச் சுட்டியது. 1944 டிசம்பரில் சர்ச்சில் நாடாளுமன்றத்தில் இதை வெற்றியாகக் காட்டி, போலந்தின் புதிய எல்லைக்குள்ளிருந்து ஜெர்மானியர்களை அகற்றுவதற்கு வாதாடினார். அடுத்த ஆண்டு போட்ஸ்டாம் மாநாடு அதற்கு ஒப்புதல் தந்தது. விலக்குப் பெற்ற இஸ்தான்புல் கிரேக்கர்களும் 1955 செப்டம்பர் கலவரத்துக்கும் 1964 வெளியேற்றத்துக்கும் பிறகு சில ஆயிரங்களாகச் சுருங்கினார்கள்.

பரிமாற்றம் நடந்ததால்தானே இரு நாடுகளுக்கும் அமைதி வந்தது என்று வகுப்பில் கேட்பார்கள். இல்லை என்றே சொல்லி வந்திருக்கிறேன். கிரேக்கம் மாபெரும் கிரேக்கக் கனவைக் கைவிட்டது. துருக்கி பேரரசைக் கைவிட்டது. இரண்டும் அடுத்தவர் நிலத்தின் மேலிருந்த கண்ணை எடுத்தன. அதனால்தான் 1930-இல் வெனிசெலோஸ் அங்காராவுக்குப் போய் நட்பு ஒப்பந்தம் செய்ய முடிந்தது. 1934-இல் கெமாலின் பெயரையே நோபல் அமைதிப் பரிசுக்கு முன்மொழிய முடிந்தது. அமைதியைக் கொண்டுவந்தது அரசுகளின் ஆசைத் துறப்பு. அதற்கான பாராட்டை மக்களை வேரோடு பிடுங்கிய உடன்படிக்கைக்குக் கொடுத்ததுதான் பின்வந்த அரசியல்வாதிகளின் பெரும்பிழை. அந்தப் பிழையால் வேறு பல நாட்டு மக்கள் வீடிழந்தார்கள்.

இந்தப் பாடத்தை இன்று நடத்தும் இளைய ஆசிரியர்களிடம் ஒன்றைத்தான் கேட்கிறேன். லோசான் என்று எழுதும்போது ஜூலை 24-ஐ மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பக்கத்தில் ஜனவரி 30-ஐயும் எழுதுங்கள். எல்லைக்கோடு எப்படி நிலைத்தது என்று படிக்கும் மாணவர், அந்தக் கோட்டின் இருபுறமும் யார் யார் எதை இழந்தார்கள் என்பதையும் அதே வகுப்பில் படிக்க வேண்டும்.