புதுவையில் எஞ்சிய இரண்டெழுத்து

புதுச்சேரியின் பிரெஞ்சு எச்சங்கள் என்றதும் தெருப்பெயர்களையும் மஞ்சள் மதில்களையும் காவலரின் சிவப்புத் தொப்பியையும் சொல்லி நிறுத்திக்கொள்வது நம் வழக்கம். நகரின் மருத்துவமனைகளில் இன்னோர் எச்சம் உண்டு. சிறுநீர் வடிகுழாயின் உறையைப் புரட்டினால் 14, 16 போன்ற எண்ணின் அருகே ‘எஃப்.ஆர்.’ என்ற இரண்டெழுத்து தெரியும். ‘பிரெஞ்சு’ என்பதன் சுருக்கம் அது.

அந்த அளவை வகுத்தவர் பாரிசில் அறுவைக் கருவிகள் செய்த ஷாரியேர். பிறப்பால் சுவிட்சர்லாந்துக்காரர். 1842இல் அவர் தந்த கணக்கு எளியது: குழாயின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து மூன்றால் பெருக்க வேண்டும். 16 என்றால் ஏறத்தாழ 5.3 மில்லிமீட்டர். அவர் பெயர் பிறநாட்டார் நாவில் நிலைக்காமல், நாட்டின் பெயரே அளவுக்குப் பெயராயிற்று. ஆகவே இது புதுவைக்கு ஆட்சி வழியாக வந்த எச்சம் அன்று. உலகம் முழுதும் வழங்குவது. 1954இல் ஆட்சி கைமாறிய பின்னரும் இது நீடிப்பதில் வியப்பில்லை.

ஆனால் அளவறிந்து குழாய் செலுத்தும் எண்ணம் பாரிசில் பிறந்ததன்று. சிறுநீர் வாயில் அடைபட்டவருக்கு இரும்பிலோ மரத்திலோ அரக்கிலோ செய்த குழாயை நெய் தடவிச் செலுத்தி, மூன்று நாட்களுக்கொருமுறை சற்றே பெரிய குழாயாக மாற்றும் முறையைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. சுசுருதரின் ஆசான் தன்வந்திரி என்பது மரபு. 1823இல் பிரெஞ்சார் மருத்துவப் பள்ளி தொடங்கிய புதுவையில், 1956இல் உருவான மருத்துவக் கல்லூரி தன்வந்திரியின் பெயரையே தாங்கியது. 1964இல் அது ஜிப்மர் ஆயிற்று.

உலோகக் குழாயின் கொடுமையைத் தணித்தவரும் பிரெஞ்சுக்காரரே. 1860இல் நெலாத்தோன் வளையும் ரப்பர்க் குழாயைக் கொணர்ந்தார். 1930களில் அமெரிக்கரான ஃபோலி அதன் நுனியருகே சிறு பலூனைச் சேர்த்தார். பைக்குள் நீரால் உப்பிய பலூன், குழாய் நழுவாமல் காத்தது. இதற்கிடையே, 1929இல் ஜெர்மானிய இளம் மருத்துவர் ஃபோர்ஸ்மான் சிறுநீரகக் குழலுக்கான வடிகுழாயைத் தம் கைநரம்பு வழியே இதயம்வரை செலுத்தி, எக்ஸ்ரே அறைக்கு நடந்தே சென்றார். தன்வந்திரி கல்லூரி உருவான அதே 1956இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய ஆஞ்சியோகிராம் குழாய்க்கும் அதே பிரெஞ்சு அளவுதான்.

இத்தனை வரலாறு கொண்ட பொருளைப் பற்றி நாம் வாய் திறப்பதில்லை. கட்டிலருகே தொங்கும் பையைத் துண்டால் மூடுகிறோம். முதியவர் அவமானத்தில் முகம் திருப்பிக்கொள்கிறார். அந்த மௌனத்துக்கு விலையுண்டு. சிறுநீரை வெளியேற்றும் குழாயே கிருமி உள்ளேறும் ஏணியும் ஆகும். அது கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு நாளும் தொற்றின் வாய்ப்பு கூடுகிறது. ‘இன்னும் இது தேவையா?’ என்று மருத்துவரிடம் நாள்தோறும் கேட்பது நோயாளியின் உரிமை. கேட்க வேண்டுமெனில் முதலில் கூச்சம் விலக வேண்டும்.

உடலுக்குள் நுழையும் எதுவும் தேவைக்கு மேல் தடித்திருக்கக் கூடாது என்பதற்காக வந்த அளவு அது. தேவைக்கு மேல் தங்கவும் கூடாது என்பதை நாம்தான் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.