பனமலை வட்டாரம்: இரண்டு போர்களுக்கு நடுவே (1918–1939)

பனமலை, விழுப்புரத்துக்கு வடமேற்கே செஞ்சிச் சீமையை ஒட்டிய ஊர். பல்லவன் இராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குன்றின்மேல் எடுத்த தாளகிரீசுவரர் கோயிலால் பேர் பெற்றது. குன்றடியில் ஏரி, ஏரிக்குக் கீழே நெல், ஏரித்தண்ணீர் ஏறாத மேட்டில் புஞ்சை என்பது இந்தப் பக்கத்து ஊர்களின் பொது அமைப்பு. கோயிலைப் பற்றி எழுதியவர்கள் பலர். அந்தப் புஞ்சையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. முதல் உலகப் போர் முடிந்த 1918-க்கும் அடுத்த போர் மூண்ட 1939-க்கும் இடைப்பட்ட 21 ஆண்டுகளில், பனமலையை உள்ளிட்ட விழுப்புரம், திண்டிவனம் வட்டங்களின் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது அந்த மேட்டுநிலத்துப் பயிர்தான். அப்போது இவ்விரண்டு வட்டங்களும் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தன. விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்.

போர் விட்டுச் சென்றது

1918-ல் பருவமழை பொய்த்தது. அரிசி விலை ஏறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னையில் கடைகள் சூறையாடப்பட்டன. கூடவே இன்ஃபுளுயன்சா என்னும் விஷக்காய்ச்சல் வந்தது. 1921 மக்கள்தொகைக் கணக்கில் தென்னாற்காட்டின் மக்கள் சுமார் 23 லட்சம். 1911-ல் இருந்ததைவிடச் சற்றே குறைவு. பத்து ஆண்டுகளில் ஒரு மாவட்டம் வளராமல் தேய்ந்தது என்றால், வீட்டுக்கு வீடு இழவு விழுந்தது என்றுதான் பொருள்.

மல்லாட்டை

கடலையை இந்தப் பக்கத்தார் ‘மல்லாட்டை’ என்பார்கள். மணிலாக் கொட்டை என்ற பெயர் வாயில் தேய்ந்து தேய்ந்து இப்படி ஆயிற்று. மண்டியில் மட்டும் இன்றும் ‘மணிலா’தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இது இங்கே ஏற்றுமதிப் பயிர். புதுச்சேரித் துறையில் ஏறி பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இறங்கும். அங்கே ஆலைகளில் எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறும். 1890களில் நோய் கண்டு சாகுபடி படுத்துவிட, ‘மொரீஷியஸ்’ என்று பேர் பெற்ற வெளிநாட்டு விதை வந்து அதை நிமிர்த்தியது. 1914-ல் போர் மூண்டு கப்பல் நின்றதும் விலை விழுந்தது. போர் முடிந்த பிறகு ஐரோப்பாவில் எண்ணெய்க்கும் கொழுப்புக்கும் பெரும் பசி. 1920கள் முழுவதும் மல்லாட்டை ஏறுமுகத்தில் இருந்தது. கம்பும் வரகும் விளைந்த புஞ்சைகளில் அது பரவியது.

காயை உடைத்துப் பருப்பெடுக்கும் வேலையில்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரிந்தது. முன்பு காயைத் தண்ணீர் தெளித்து நனைத்து, தடியால் அடித்து உடைப்பார்கள். நனைந்தால் தோல் எளிதில் விடும், எடையும் கூடும். ஆனால் ஈரம் ஏறிய பருப்பு கப்பலில் புழுங்கிக் கெட்டது. ‘கோரமண்டல்’ என்ற பெயரில் விற்ற இந்தச் சரக்கு ஐரோப்பியச் சந்தையில் பேர் கெட்டதற்கு அதுவே காரணம். பிறகு உடைப்பு மிஷின்கள் வந்தன. காயை உலர்ந்தபடியே உடைக்கும் மிஷின் கொட்டகைகள் ரயிலடிகளை ஒட்டி எழுந்தன. பெண்கள் கூலிக்குப் பருப்புப் பொறுக்கினார்கள். அறுவடைக் காலத்தில் வயலிலும் அவர்கள்தான். செடி பிடுங்கியதும் உட்கார்ந்து காய் ஆய்வது பெண்களின் வேலை.

விழுப்புரம் வெறும் ஊராக இருந்து ஜங்ஷன் ஊரானது ரயிலால். 1879-லேயே புதுச்சேரிக்குக் கிளை போட்டாயிற்று. காட்பாடிப் பாதையும் சேர்ந்தது. 1920களின் கடைசியில் விருத்தாசலம் வழியாகத் திருச்சிக்குக் குறுக்குப் பாதை திறந்தது. அதே சமயத்தில், 1928 ஜூலையில், தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. மாதச் சம்பளம், சங்கம், வேலைநிறுத்தம் ஆகிய சொற்கள் வண்டிப் பாதையோடு இந்தக் கிராமங்களின் பக்கம் வந்து சேர்ந்தன.

மல்லாட்டைப் பணம் எப்படி வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஆடியில் விதைக்கும்போதே தரகர் முன்பணம் தருவார். தரகருக்கு மண்டி தரும். மண்டிக்கு ராலி, வோல்கார்ட் போன்ற ஏற்றுமதிக் கம்பெனிகளின் பணம் வரும். குடியானவர் கடன் வாங்கித்தான் விதைத்தார், விளைந்ததைக் கொடுத்துத்தான் கடன் அடைத்தார். விலை ஏறிக்கொண்டிருந்தவரை இந்தச் சக்கரம் நன்றாகச் சுழன்றது. நிலம் வாங்கியவர்களும் கிணறு வெட்டியவர்களும் அடுத்த ஆண்டு விலையை நம்பியே புரோநோட்டில் கையெழுத்துப் போட்டார்கள்.

விலை விழுந்தபோது

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. 1934-க்குள் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. மல்லாட்டைக்கு அடி இன்னும் பலமாக விழுந்தது. விலை பாதியானால், முன்பு ஒரு மூட்டை விற்றுக் கட்டிய கிஸ்திக்கு இப்போது இரண்டு மூட்டை வேண்டும். கடனும் அப்படியே. புரோநோட்டில் எழுதிய ரூபாய் குறையவில்லை, அதைச் சம்பாதிக்கத் தேவையான மூட்டைதான் இரட்டித்தது. ஒரு வயலில் முன்போலவே விளைந்தும் குடியானவர் பாதி ஏழையானார். பஞ்சத்தை இந்த மக்கள் அறிவார்கள். விளைந்தும் கெடுவது அவர்கள் முன்பு இவ்வளவு பெரிதாகக் கண்டிராதது.

அதைவிடக் கொடியது, கடன் கொடுக்கும் கை மூடிக்கொண்டது. மண்டிக்குப் பணம் வராததால் தரகருக்கு வரவில்லை. தரகருக்கு வராததால் விதைக்கு முன்பணம் இல்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணய முறையைக் கைவிட, ரூபாய்க் கணக்கில் தங்கத்தின் விலை ஏறியது. அடுப்பெரியக் காசு வேண்டிய வீடுகளில் காதுக் கம்மலும் கைக்காப்பும் வட்டிக்கடைக்குப் போயின. இந்தியா முழுவதிலும் இப்படி உருகிய தங்கம் பம்பாயிலிருந்து லண்டனுக்குக் கப்பல் கப்பலாகச் சென்றது. அரசு அதை வணிகம் என்று கணக்கில் எழுதியது. பெண்களின் கழுத்திலிருந்து கழற்றிய சேமிப்பை வணிகம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

கடல்கடந்து போன உறவினரின் கதவும் அடைபட்டது. ரப்பர் விலை விழுந்ததும் மலாயாத் தோட்டங்களிலிருந்து 1930 முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள். தென்னாற்காடு அப்படி ஆளனுப்பிய மாவட்டங்களில் ஒன்று. வேலை இல்லாத ஊருக்கே அவர்கள் திரும்பி வந்தார்கள்.

பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் எழுந்தனர். 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். வ. சுப்பையா தலைமையில் நடந்த அந்தப் போராட்டத்தால் அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலை சட்டமானது. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி ஒரு நாள் நடை தூரம்.

ஆட்சியும் சாதியும்

இரட்டையாட்சியில் சென்னை மாகாணத்தின் முதல் பிரதம அமைச்சர், 1920 டிசம்பரில் பதவியேற்ற அ. சுப்பராயலு ரெட்டியார், இதே மாவட்டத்தவர். 1922-ல் அரசுப் பதிவுகளில் தீண்டாமைக்கு ஆளான மக்களின் பழைய பெயருக்குப் பதிலாக ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் வந்தது. 1924-ல் ஆர். வீரய்யன் கொண்டுவந்த தீர்மானம் பொதுச்சாலையும் பொதுக்கிணறும் எல்லோருக்கும் உரியவை என்றது. காகிதத்தில் திறந்த சாலை காலுக்குத் திறக்கப் பல தலைமுறை ஆயிற்று என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். இந்த வட்டங்களில் எண்ணிக்கையில் பெரிய சமூகமான வன்னியர், 1931 மக்கள்தொகைக் கணக்கில் ‘வன்னியகுல சத்திரியர்’ என்றே தங்களைப் பதியும்படி செய்தார்கள். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த பி. ராமசாமி ரெட்டியார் இந்த ஆண்டுகளில் காங்கிரஸ்காரராக மாவட்டத்தில் வளர்ந்து, 1947-ல் மாகாணப் பிரதமரானார்.

இருவேல்பட்டு காட்டுவது

இந்தக் காலத்தை ஒரே ஊரில் இரண்டு முறை அளந்து பார்க்க நமக்கு வாய்ப்பு உண்டு. விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் சாலையில் இருப்பது இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916-ல் தம் மாணவர்களைக் கொண்டு ஆராய்ந்த ஊர்களில் இது ஒன்று. 1936–37-ல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறு ஆய்வு செய்து 1940-ல் வெளியிட்டார்கள். பெருநிலக்காரக் குடும்பத்தின் கை ஓங்கிய இந்த ஊரில், ஆதிதிராவிடர் படியாட்களாக உழைத்தார்கள். படியாள் என்றால் படியளந்து கூலி பெறுபவர். கலியாணத்துக்கோ சாவுக்கோ வாங்கிய சிறு கடன் அவரை அந்தப் பண்ணையில் கட்டிப்போடும். கடன் தீராதவரை வேறு இடம் போக முடியாது. தகப்பன் கடனை மகன் உழைத்துக் கழிப்பான்.

நிவாரணமும் விதையும்

1930-ல் வங்கித் தொழில் விசாரணைக் குழு சென்னை மாகாணத்தின் கிராமக் கடனை 150 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 1935-ல் அரசு அதிகாரி சத்தியநாதனின் அறிக்கை அதை 200 கோடி என்றது. 1933-ல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. மண்டித் தராசுக்கும் தரகுக்கும் வரம்பு கட்டிய அந்தச் சட்டம்தான் இன்றைய ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் வேர். திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. 1940-ல் அங்கிருந்து வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற கொத்து வகை மல்லாட்டை ரகம், குடியாத்தம் வித்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டது. பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் ஓடியது. டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கம்.

பெரிய மருந்தாக வந்தது இராஜாஜி அமைச்சரவையின் 1938-ஆம் ஆண்டு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம். 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய கடனுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி. அசலைப் போல் இரண்டு பங்கு கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. அதற்குப் பின், சட்டம் வரும்வரை வாங்கிய கடனுக்கு வட்டி 5 சதவீதம். வட்டிக்குக் கடன் கொடுத்தவர்கள் எதிர்த்தார்கள். ஆனாலும் சட்டம் நின்றது, ஆயிரக்கணக்கான புஞ்சைகள் ஏலத்திலிருந்து தப்பின. அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

அந்தச் சட்டம் ‘விவசாயி’ என்று யாரைச் சொன்னது என்பதை மட்டும் படித்துப் பார்க்க வேண்டும். நிலத்தில் விற்கத்தக்க உரிமை உள்ளவர், குத்தகைப் பாத்தியதை உள்ளவர் ஆகியோரே அதில் அடங்குவர். அதே வயலில் ஏர் பிடித்த, அதே மல்லாட்டையைப் பிடுங்கிய படியாளுக்கு நிலம் இல்லை. ஆகவே சட்டத்தின் கண்ணில் அவர் விவசாயி இல்லை. பெற்றோர் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைப்பதை 1933-லேயே ஒரு சட்டம் தடுத்திருந்தது. கடனுக்காகப் பெரியவர்களின் உழைப்பைப் பிணைக்கும் முறையை நாடு முழுதும் ஒழித்த கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்.