அரையாடை முடிவு, மதுரை (1921)

ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் காந்தி குல்லாய், மேற்சட்டை, நீண்ட வேட்டி மூன்றையும் விட்டு முழங்காலளவுத் துண்டு வேட்டிக்கு மாறிய நிகழ்வு. மதுரை மேலமாசி வீதியில் 1921 செப்டம்பர் 22 அன்று நடைமுறைக்கு வந்தது. முந்தைய இரவே முடிவாகிவிட்டது என்பாரும், காலையில்தான் என்பாரும் உளர்.

காந்தி மதுரைக்கு முதலில் வந்தது 1919 மார்ச்சில், ரௌலட் சட்ட எதிர்ப்புப் பயணத்தின்போது.

ஆடைத் துறப்பு மதுரையில் திடீரென உதித்ததன்று. வங்காளத்தில் குல்னா பஞ்சச் செய்தி கேட்டபோதும், 1921 செப்டம்பர் 14 அன்று வால்டேரில் கிலாபத் தலைவர் முகம்மது அலி கைதானபோதும் அதை நினைத்துத் தள்ளிப்போட்டதாகக் காந்தியே எழுதியுள்ளார். சென்னையிலிருந்து மதுரைக்கு வந்த ரயிலில் மூன்றாம் முறையாக அந்த எண்ணம் எழுந்தது. பெட்டியில் இருந்தோர் பலர் அயல்நாட்டுத் துணி உடுத்தியிருந்தனர். கதர் உடுத்தச் சொன்னபோது, வாங்க வசதியில்லை என்றனர். அயல்துணிப் புறக்கணிப்பை முடிக்கக் காங்கிரஸ் குறித்த நாளோ செப்டம்பர் 30. கதர் விலை கட்டாதவர் குறைத்து உடுத்தலாம். ஆனால் அதைச் சொல்பவர் முழு ஆடையில் நின்று சொல்ல முடியாது. உடன் வந்தோர் சிலர் தயங்கியும் அவர் மாறவில்லை.

இம்மாற்றம் பற்றிய அறிக்கையில் அவர் குறித்த கெடு குறைந்தது அக்டோபர் 31 வரை என்பது பல நூல்களில் விடுபட்டுப்போகிறது. தேவைப்பட்டால் சால்வை போர்த்துக்கொள்வேன் என்ற சலுகையும் அதில் உண்டு. தம்மைப் பார்த்துப் பிறரும் அரையாடைக்கு மாற வேண்டியதில்லை என்றும் எழுதினார். கெடு கடந்தது, ஆடை திரும்பவில்லை. 1931இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் அதே கோலத்தில்தான் சென்றார்.

புதிய ஆடையில் அவர் முதலில் மக்கள்முன் தோன்றியதாகக் கருதப்படும் இடம் ‘காந்தி பொட்டல்’ எனப்படுகிறது. அன்றே காரைக்குடிப் பக்கம் புறப்பட்டுவிட்டார்.

பின்னர் 1927, 1934, 1946 ஆண்டுகளில் மதுரை வந்தார். தாழ்த்தப்பட்டோருக்குத் திறக்கப்படாத மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அவர் நுழையவில்லை. 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் அ. வைத்தியநாத ஐயர் அங்கே தாழ்த்தப்பட்டோரின் ஆலயப் பிரவேசத்தை நடத்தினார். உடன் சென்றோர் பட்டியல் நூலுக்கு நூல் சற்றே வேறுபட்டாலும் பி. கக்கன் பெயர் பெரும்பாலும் இடம்பெறுகிறது. காந்தி அக்கோயிலில் வழிபட்டது 1946 பிப்ரவரியில்.

தல்லாகுளத்தை ஒட்டிய தமுக்கம் மாளிகையில் காந்தி நினைவு அருங்காட்சியகத்தை 1959 ஏப்ரல் 15 அன்று நேரு திறந்துவைத்தார். மாளிகை இராணி மங்கம்மாளுடையது என்பது மரபு. கட்டிய ஆண்டை 1670 என்று குறிப்பது வழக்கமாயினும், அவர் ஆட்சி 1689இல்தான் தொடங்கியதால் அது ஐயத்துக்குரியது. யானைச் சண்டை பார்க்கும் மேடையாக இருந்து, பின் ஆங்கிலேய அதிகாரிகள் குடியிருந்த கட்டடம் இப்பணிக்கு வந்து சேர்ந்தது. சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி இங்கே கண்ணாடிப் பேழைக்குள் உள்ளது. அரையாடையின் தொடக்கமும் முடிவும் ஒரே ஊரில் பார்க்கக் கிடைப்பது அரிது.

முடிவு நடைமுறைக்கு வந்த மேலமாசி வீதி வீட்டில் கதர் அங்காடி நடைபெறுகிறது. நிகழ்வின் நூற்றாண்டு 2021இல் நினைவுகூரப்பட்டது.