கடல் உப்புல அயோடின் எங்க போச்சு?

பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஈசிஆர்ல வடக்கே போனா மரக்காணம் உப்பளம் வரும். "கடல்லேர்ந்து வர்ற உப்புல இல்லாத சத்தா? அயோடின் வேற தனியா எதுக்கு?" இந்தக் கேள்வி நம்ம பக்கம் சகஜம். இன்னைக்கு எபிசோடு அதைப் பத்திதான்.

முதல்ல கணக்கு. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கு. அயோடின் சுமார் 60 மைக்ரோகிராம்தான். அது மொத்தமும் உப்போடவே வந்தாலும், 10 கிராம் உப்புல 17 மைக்ரோகிராம்தான் இருக்கும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 150, கர்ப்பிணிகளுக்கு 250. நிஜத்துல அந்த 17-ம் வராது. உப்பு விளையும்போது அயோடின் பெரும்பாலும் மிஞ்சுற தண்ணியிலேயே தங்கிடும்.

சரி, உடம்புக்கு இது எதுக்கு? 1895-ல் ஜெர்மனியின் பாமன் தைராய்டு சுரப்பிக்குள்ள அயோடின் இருக்குன்னு கண்டுபிடிச்சார். 1914-ல் அமெரிக்காவின் கெண்டல் அதன் ஹார்மோனான தைராக்ஸினைப் பிரிச்செடுத்தார். அதுல நாலு அயோடின் அணுக்கள். செல்லுக்குள்ள ஒரு நொதி அதில் ஒண்ணைக் கழட்டி, மூணு அணு உள்ள டி3 ஆக்குது. டி3 செல்லின் உட்கருவுக்குப் போய், அங்க இருக்கிற ஏற்பியில் உட்கார்ந்து, எந்த மரபணு எவ்வளவு வேலை செய்யணும்னு மாத்துது. உடம்பு எவ்வளவு வேகமா சக்தியை எரிக்கணும்ங்கிறது இப்படித்தான் முடிவாகுது.

இதை மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரி கண்காணிக்குது. ஹார்மோன் குறைஞ்சா, "இன்னும் சுரந்து விடு"ன்னு டிஎஸ்ஹெச் அனுப்பும். ஆனா மூலப்பொருளே இல்லைன்னா? உத்தரவு வந்துக்கிட்டே இருக்கும், சுரப்பி வீங்கிக்கிட்டே போகும். கழுத்துக் கழலைங்கிறது அதுதான். அதைவிடப் பெரிய ஆபத்து வயித்துல இருக்கிற குழந்தைக்கு. முதல் சில மாதங்கள் அதன் மூளை அம்மாவோட தைராக்ஸினை நம்பித்தான் வளருது.

இந்தியாவுல இதைச் சோதிச்சுக் காட்டினவர் மருத்துவர் வி. ராமலிங்கசாமி. 1956-ல் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் அவரோட குழு ஆய்வைத் தொடங்குச்சு. சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. அயோடின் போன இடங்கள்ல கழலை நல்லாவே குறைஞ்சது. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது.

அந்தத் திட்டம் முதல்ல குறி வெச்சது மலைப்பகுதிகளை. கடலோரத்துக்கு இது தேவையில்லைன்னு நாம நினைச்சதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். 1980-கள்ல திட்டம் நாடு முழுக்க விரிஞ்சது. அயோடின் இல்லாத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க இருந்த தடையை 2000-ல் மத்திய அரசு நீக்குச்சு. வாங்குறவங்க விருப்பத்துக்கு விடணும்னு வாதம். 2006 மே மாதம் தடை திரும்ப வந்தது.

2018-19 தேசிய ஆய்வுல, போதுமான அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தின வீடுகள் நாட்டளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டுல 61.9. மாநிலங்கள்லேயே நாமதான் கடைசி. உப்பு விளையுற மாநிலத்துல இந்த நிலைமை.

இதுக்காக உப்பை அள்ளிப் போட வேண்டாம், பிபி ஏறும். கல்லுப்பா, தூள் உப்பாங்கிறதும் பிரச்சினை இல்லை. பாக்கெட்ல அயோடின் கலந்ததுன்னு போட்டிருக்கான்னு பாருங்க. வீட்டுல கர்ப்பிணி இருந்தா, இன்னைக்கே பாருங்க.