முதலைவாய்ப் பிள்ளை

இறைவனிடம் முறையிடுதல் தமிழர்க்குப் புதிதன்று. தமக்கென முறையிட்டோர் பலர். பிறர் பெற்ற பிள்ளைக்காக, அதுவும் பெற்றோர் கேளாமலே முறையிட்டோர் சிலரே. அச்சிலருள் ஒருவர் சுந்தரமூர்த்தி நாயனார்.

கொங்கு நாட்டுத் திருப்புக்கொளியூர் அவிநாசியில் நிகழ்ந்ததாக இதனைச் சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டில் பாடினார். சேரமான் பெருமாளைக் காண மலைநாடு செல்லும் சுந்தரர் அவ்வூர் வீதி வழியே வருகிறார். ஒரு வீட்டில் மங்கல ஒலி, எதிர்வீட்டில் அழுகை. காரணம் வினவுகிறார். ஐந்து வயதுச் சிறுவர் இருவர் முன்னொரு நாள் மடுவில் நீராடச் சென்றனர். ஒருவனை முதலை விழுங்கிற்று. பிழைத்தவனுக்கு இன்று உபநயனம் என்றனர்.

மகனை இழந்தோர் நாயனார் வந்தமை அறிந்து, துயரை மறைத்து, முகமலர்ந்து வணங்கினர். மகனை மீட்டுத் தருக என்று ஒரு சொல்லும் அவர்கள் கூறவில்லை. கேட்டவர் சுந்தரரே. மடுக்கரையில் அவர் பாடிய பதிகம் ஏழாம் திருமுறையில் 92-ஆவதாக உள்ளது. அதன் நான்காம் பாட்டில், பிள்ளையைத் தருமாறு முதலைக்கும் காலனுக்கும் சொல்லுக என்று இறைவனையே ஏவுகிறார். இது கெஞ்சும் குரலன்று, வழக்காடும் குரல். திருவெண்ணெய்நல்லூரில் ஓலை காட்டி இவரை வழக்கில் வென்றவன் அவ்விறைவனே அன்றோ! வழக்காடக் கற்பித்தவனிடமே வழக்காடினார் போலும்.

கழிந்த ஆண்டுகளின் வளர்ச்சியோடு பிள்ளை மீண்டான்; அவனுக்கும் உபநயனம் செய்வித்த பின்னரே சுந்தரர் வழி நடந்தார் என்பது புராணம். அதனை நம்புவதும் நம்பாததும் அவரவர் உளப்பாங்கு. ஆயின் அவ்வெதிரெதிர் வீடுகளை நாம் அறிவோம்.

1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாய் எரிந்தபோது, நம் சுனாபட்டியை அடுத்த தாராவியும் தப்பவில்லை. அவ்விரு திங்களில் நகரில் மாண்டோர் 900 பேர். காணாமற் போனோர் 168 பேர். இவர்கள் வீட்டார்க்கு ஈமக்கடன் செய்ய உடலும் இல்லை. அவர்களுள் 60 பேரின் உரியவர்க்கே இழப்பீடு கிட்டிற்று. ஏனையோர் இருப்பிடம் தெரியவில்லை, ஆவணங்கள் நிறைவு பெறவில்லை என்று காரணம் கூறப்பட்டது. முப்பது ஆண்டுகள் முடியும் தறுவாயில், 2022 நவம்பர் 4-ஆம் நாள், எஞ்சிய 108 பேரின் குடும்பங்களைத் தேடிக் கண்டறியுமாறு உச்ச நீதிமன்றம் மகாராஷ்டிர அரசுக்குக் கட்டளையிட்டது.

அவிநாசி வீதியில், தம்மை வணங்கி நின்ற அவ்விருவரிடம் சுந்தரர் முதற்கண் வினவியதும், மகனை இழந்தவர் நீவிர்தாமோ என்பதே.