ஆடலரங்கும் அன்னையர் அளவுகோலும்

மேலைநாட்டு மகளிர் உடையின் வரலாற்றை மேலோட்டமாகப் பார்ப்போர், அது தலைமுறைதோறும் குறைந்துகொண்டே வந்தது என்றும், பெற்றோரின் கண்டிப்பும் அதற்கேற்பத் தளர்ந்துகொண்டே வந்தது என்றும் எளிதில் முடிவு கட்டிவிடுவர். பாட்டி முழுதும் மூடியிருந்தாள், தாய் சற்றுத் திறந்தாள், மகள் எல்லை கடந்தாள் என்பது அவர்கள் சொல்லும் கதை. பருவப் பெண்கள் ஆடலரங்கிற்கு அணிந்து சென்ற உடையை மட்டும் தனியே எடுத்து ஆராய்ந்தால் இக்கதை நிலைக்காது. அங்கே பாட்டியின் தோள்கள் திறந்திருந்தன. அத்தோள்களை மூடிக்கொள்வதற்கே அவள் அனுமதி பெற வேண்டியிருந்தது.

விக்டோரியா அரசியார் இங்கிலாந்தை ஆண்ட காலம் 1837 முதல் 1901 வரை. ஒழுக்கக் கண்டிப்பிற்கு எடுத்துக்காட்டாக இன்றளவும் பேசப்படும் காலம் அது. உயர்குடிப் பெண்கள் பதினேழு, பதினெட்டு வயதை எட்டியதும் அரசியார் முன் நிறுத்தப்பட்டு, அதன்பின் நடன விருந்துகளில் கலந்துகொள்ளும் தகுதி பெறுவர். அரசவைக்கு வரும் பெண் தாழ்ந்த கழுத்தும் குட்டைக் கையும் உடைய கவுன் அணிய வேண்டும், பின்னால் நீண்ட வால்துணி தரையில் புரள வேண்டும் என்பது விதி. முதுமையாலோ நோயாலோ கழுத்துவரை மூடிய உடை அணிய விரும்பிய பெண்மணி, லார்ட் சேம்பர்லேன் அலுவலகத்திற்கு விண்ணப்பித்து இசைவு பெறுதல் வேண்டும். திறப்பதற்கு அன்று, மூடுவதற்கே விண்ணப்பம்! அதே பெண் பகலில் கடைவீதிக்கோ தேவாலயத்திற்கோ செல்லும்போது கழுத்து முதல் மணிக்கட்டு வரை மூடிய உடையில்தான் செல்வாள். கணுக்கால் மட்டும் இரவிலும் பகலிலும் வெளியே தெரியக் கூடாது.

கண்டிப்பு மிக்க அப்பெற்றோர் தம் மகள் திறந்த தோளோடு அயலான் ஒருவனுடன் ஆடுவதற்கு எவ்வாறு மனம் இசைந்தனர்? விடை அரங்கின் சுவரோரம் இருந்தது. அங்கே நாற்காலிகள் வரிசையாக இடப்பட்டிருக்கும். அவற்றில் அன்னையரும் அத்தைமாரும் விடியும்வரை அமர்ந்திருப்பர். ஒவ்வோர் ஆடலும் முடிந்ததும் ஆடவன் அப்பெண்ணை அழைத்து வந்து அவள் தாயருகே விட்டுச் செல்ல வேண்டும். எந்த ஆடலுக்கு எவன் துணை என்பது சிற்றட்டை ஒன்றில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரே ஆடவனின் பெயர் அதில் மீண்டும் மீண்டும் வந்தால் ஊர் பேசும். காவல் நாற்காலியில் அமர்ந்திருந்தமையால், துணி அந்த வேலையைச் செய்யத் தேவையில்லாமல் இருந்தது.

அதற்கு முந்திய தலைமுறையில் நிகழ்ந்த ஒன்றும் இதையே காட்டுகின்றது. 1816ஆம் ஆண்டு ஜூலை மாதம் இளவரசர் ஆட்சியாளரின் விருந்தில் வால்ட்ஸ் எனும் ஆடல் இடம்பெற்றது. சில நாளில் இலண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் அதைக் கடுமையாகக் கண்டித்து, இத்தொற்றுக்குத் தம் மகளிரை இரையாக்க வேண்டா எனப் பெற்றோரை எச்சரித்து எழுதியது. மார்பிற்குக் கீழே கட்டி உடலோடு ஒட்டி வழியும் மெல்லிய மசுலின் கவுன்கள் விளங்கிய காலம் அது. பிற்காலத்தவர் கண்ணுக்கு அவ்வுடையே முதலில் படும். ஆயினும் நாளிதழின் சினம் உடையின்மீது பாயவில்லை. பெண்ணின் இடையைச் சுற்றிய கையின்மீதே பாய்ந்தது.

இருபதாம் நூற்றாண்டின் முதற்கூற்றில் அந்த நாற்காலிகள் காலியாயின. இம்மாற்றத்தை அமெரிக்காவில் தெளிவாகக் காணலாம். மோட்டார் வண்டி இளைஞர் கைக்கு வந்தது. உயர்குடியினர் மட்டுமின்றித் தொழிலாளர் பிள்ளைகளும் உயர்நிலைப் பள்ளிகளில் திரண்டனர். ஜாஸ் இசை ஊர்தோறும் பரவியது. மகள் மாலையில் வண்டியேறிச் சென்றால் எங்கு ஆடுகிறாள், எவரோடு ஆடுகிறாள் என்பது தாய்க்குத் தெரியாது. வீட்டு வாயிலில் நின்று அவளால் பார்க்க முடிந்தது ஒன்றே: மகள் உடுத்தியிருந்த உடை. அன்று முதல் காவற்பணி முழுவதும் அவ்வுடையின் தலையில் ஏற்றப்பட்டது. அங்குலக் கணக்கு தொடங்கியதும் அப்போதுதான்.

1921ஆம் ஆண்டை அங்குல ஆண்டு என்றே அழைக்கலாம். அக்கால நிகழ்ச்சிகளைப் பிரெடரிக் லூயிஸ் ஆலன் 1931இல் வெளியிட்ட நூலில் தொகுத்துத் தந்துள்ளார். யூட்டா மாநிலச் சட்டமன்றத்தில், கணுக்காலுக்கு மேல் மூன்று அங்குலத்திற்கும் உயர்ந்த பாவாடையுடன் தெருவில் நடப்போர்க்குத் தண்டமும் சிறையும் விதிக்க ஒரு மசோதா வந்தது. வர்ஜீனியாவில் கழுத்துப் பகுதி மூன்று அங்குலத்திற்கு மேல் தெரியும் மாலைக் கவுன்களைத் தடை செய்ய மற்றொரு மசோதா. ஒகையோ மாநிலத்தார்க்கு மூன்று அங்குலமும் மிகுதியாகப் பட்டது போலும். அவர்கள் இரண்டு அங்குலத்தில் நின்றனர். பதினான்கு வயதைக் கடந்த எந்தப் பெண்ணும் பாதத்தின் மேற்புறத்தைத் தொடாத பாவாடை அணியக் கூடாது என்பதும் அம்மசோதாவில் அடங்கியிருந்தது. சட்டமியற்றுவோர் அளவுநாடாவைக் கையில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு இவற்றினும் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை.

பிலடெல்பியா நகரில் நடந்தது நகைப்பிற்கும் சிந்தனைக்கும் ஒருங்கே உரியது. அந்நகரப் பெருமக்கள் உடைச் சீர்திருத்தக் குழு ஒன்றை அமைத்து, தகுந்த உடை எது எனக் கேட்டு ஆயிரத்திற்கும் மேற்பட்ட சமய குருமார்க்கு வினாத்தாள் அனுப்பினர். வந்த விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஒருவர் ஏற்றதை மற்றவர் மறுத்தார். குழுவினர் சளைக்காமல் தாமே ஓர் ‘ஒழுக்க கவுனை’ வடிவமைத்து, பதினைந்து சமயப் பிரிவுகளைச் சேர்ந்த குருமாரின் ஒப்புதலையும் பெற்றனர். மிகத் தளர்ந்த உடற்பகுதி, முழங்கைக்குச் சற்றுக் கீழ்வரை கை, தரையிலிருந்து ஏழரை அங்குலம் உயர்ந்த விளிம்பு ஆகியவை அதன் இலக்கணங்கள். ஏழரை அங்குல உயரத்தில் நிற்கும் விளிம்பு கணுக்காலை மறைக்காது. விக்டோரியா காலத்துத் தாய் ஒருத்தி அந்த ஒழுக்க கவுனைக் கண்டிருந்தால், மகளை அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தியிருப்பாள்!

அதே 1921இல் மகளிர் இதழொன்றில் ஆன் ஷா பாக்னர் எனும் அம்மையார் ஜாஸ் இசையின் தீமையை விரித்து எழுதினார். ஆடலுக்கு வரும் பெண்கள் தம் இடையை இறுக்கிய கோர்செட் கச்சையைக் கழற்றி, மேலங்கி வைக்கும் அறையிலேயே விட்டுவிட்டு ஆடுகிறார்கள் என்ற செய்தியும் அந்நாளில் பெற்றோரைக் கலங்க வைத்தது. வீட்டு வாயிலில் தாய் சரிபார்த்து அனுப்பிய உடை அரங்கினுள் அவ்வாறே இருக்கும் என்பதற்கும் உறுதியில்லாமற் போயிற்று.

அக்காலப் பெற்றோரின் உள்ளத்தை அருகிருந்து பதிவு செய்தவர்கள் இராபர்ட் லிண்டு, ஹெலன் லிண்டு ஆகிய கணவன் மனைவியர். இவர்கள் இந்தியானா மாநிலத்து மன்சி நகரில் 1924, 1925ஆம் ஆண்டுகளில் தங்கி ஆராய்ந்து, அவ்வூருக்கு ‘மிடில்டவுன்’ எனப் புனைபெயரிட்டு 1929இல் நூல் வெளியிட்டனர். பெற்றோர்க்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்க்கும் இடையே பிணக்கு எழும் காரணங்களுள் உடையும் ஒன்றாக அதில் இடம்பெறுகின்றது. பெண்பிள்ளைகள் இவ்வாறு உடுத்தினால் ஆண்பிள்ளைகளை நல்வழியில் நிறுத்துவது எவ்வாறு என்ற தாய்மாரின் முறையீடும் அதில் உண்டு. மகனின் ஒழுக்கத்திற்கும் மகளின் துணியே பொறுப்பாக்கப்பட்டமை இங்குக் கருதத்தக்கது. தம் மகனுக்கு அத்தாய்மார் எந்த அளவுநாடாவையும் தேடியதாகத் தெரியவில்லை.

அந்நூல் காட்டும் மற்றொரு துன்பம் பலர் கண்ணில் படுவதில்லை. உழைக்கும் குடும்பத்துத் தாய்மார் மகளின் உடை நாணத்திற்கு ஒத்ததா என்பதைக் காட்டிலும், அவ்வுடையை வாங்கித் தர இயலுமா என்று எண்ணியே மிகுதியும் வருந்தினர். பருத்திக் காலுறையோடு பள்ளிக்கு வரும் பெண் எவளும் இல்லை என்று அவர்கள் முறையிட்டனர். பட்டுக் காலுறை இல்லாவிடின் மகள் தோழியரால் ஒதுக்கப்படுவாள் என அஞ்சினர். வீட்டில் தைத்த உடையை மகள் ஏற்க மறுக்கும்போது தாய் இழப்பது பணம் மட்டுமன்று. துணியின் நீளத்தையும் கழுத்தின் ஆழத்தையும் தன் ஊசியால் முடிவு செய்த உரிமையையும் அவள் இழக்கிறாள். ஆயத்த உடைக் கடை அவ்வுரிமையை ஓசையின்றி எடுத்துக்கொண்டது. மசோதாக்களால் ஆகாததும் ஆனதும் பற்றிப் பேசுவோர் இந்தக் கடையை மறந்துவிடுகின்றனர்.

சமயத் தலைமையும் பெற்றோரையே நோக்கிப் பேசியது. 1930ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் உரோமையிலிருந்து வெளிவந்த கத்தோலிக்க அறிவுரை, மகளிர் உடையில் அடக்கம் காக்கும் கடமையைப் பங்குக் குருக்களோடு தாய் தந்தையர்மீதும் ஆசிரியர்மீதும் சுமத்தியது.

‘புரோம்’ எனும் சொல் உலாவருதலைக் குறிக்கும் ‘புரோமனேட்’ என்பதன் குறுக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கக் கல்லூரிகளில் தொடங்கிய இவ்விருந்து, பின்னர் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இறங்கி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடெங்கும் பள்ளி வாழ்வின் இறுதிச் சடங்கு போல் நிலைபெற்றது. அண்மைக் காலத்தில் மலேசிய இடைநிலைப் பள்ளிகளின் பிரியாவிடை விருந்துகளும் இப்பெயரைச் சூட்டிக்கொள்ளத் தொடங்கிவிட்டமையால், இங்குள்ள பெற்றோர்க்கும் இது முற்றிலும் அயலார் கதையன்று.

1946இல் வெளிவந்த ‘கில்டா’ எனும் திரைப்படத்தில் ரீட்டா ஹேவொர்த் அணிந்த கறுப்பு கவுனுக்குத் தோள்வார் இல்லை. ஜீன் லூயிஸ் வடிவமைத்த அவ்வுடை உலகப் புகழ் பெற்றது. தோள்வாரற்ற கவுன் திரையிலிருந்து பள்ளி அரங்கிற்கு இறங்க நெடுங்காலம் ஆகவில்லை. அது விழாமல் நிற்பதற்குக் காரணம் உடற்பகுதியின் உள்ளே தைக்கப்பட்ட வளையும் குச்சிகள். தந்தையர் பலர்க்கு அந்தக் குச்சிகள்மீது நம்பிக்கை பிறக்கவில்லை. அன்னையரோ வாதாடுவதை விடுத்து வேலையில் இறங்கினர். சிலர் தோளுக்கு வலைத்துணி சேர்த்தனர், சிலர் குட்டைச் சட்டையோ சால்வையோ மேலே போர்த்தி அனுப்பினர்.

இதற்கு ஒரு சொல்லே பிறந்துவிட்ட சமூகமும் உண்டு. 1951ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், யூட்டா மாநிலத்துப் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் மோர்மன் திருச்சபையின் அப்போஸ்தலர்களுள் ஒருவராகிய ஸ்பென்சர் கிம்பல் உரையாற்றினார். தோள்வாரற்ற மாலைக் கவுன்களைக் கண்டித்து, உலகத்தாரைப் பின்பற்றாமல் தமக்கென ஒரு பாணியை வகுத்துக்கொள்ளுமாறு மாணவியரை வேண்டினார். கேட்ட பெண்கள் பலர் தம் கவுன்களுக்குக் கை வைத்துத் தைத்தனர். அவ்வாறு திருத்தப்பட்ட உடையைக் ‘கிம்பலைஸ்’ செய்யப்பட்ட உடை என அழைப்பது வழக்கமாயிற்று. 1921இல் அதே மாநிலத்தில் எழுந்த சிறைத்தண்டனை மசோதா உலக நடையைத் தடுத்து நிறுத்தவில்லை. இவ்வுரையோ கேட்டவர் கையில் ஊசியை எடுக்க வைத்தது. மிரட்டலுக்கும் வேண்டுகோளுக்கும் உள்ள வேறுபாடு அது. ஆனால் வேண்டுகோளும் நாளடைவில் பட்டியலாக இறுகியது. 1965இல் அத்திருச்சபை இளையோர்க்கு வெளியிட்ட கையேடு, எவ்வகைக் கவுன் ஏற்புடையது, எது ஏற்புடையதன்று என வகைப்படுத்திக் கூறியது.

இதற்கிடையே, எவரும் ஆணையிடாமலே ஒரு விந்தை நிகழ்ந்தது. 1969 முதல் சான்பிரான்சிஸ்கோவில் ஜெசிக்கா மெக்ளின்டாக் நடத்திய ‘கன் சாக்ஸ்’ எனும் உடை நிறுவனம், பழைய பாட்டிமார் பாணியில் உயர்ந்த கழுத்தும் நீண்ட கையும் பூவேலை விளிம்பும் கொண்ட கவுன்களைத் தைத்து விற்றது. 1970களில் அமெரிக்க மாணவியர் அவற்றை விரும்பி வாங்கிப் புரோமுக்கு அணிந்து சென்றனர். பெற்றோர் முப்பதாண்டு வாதாடியும் பெறாததை ஒரு தையல் பாணி கொண்டுவந்து கொடுத்தது. பத்தாண்டில் அதுவே திரும்ப எடுத்தும் சென்றது.

ஊசி செய்த வேலையைக் கணினியும் செய்து பார்த்தது. 2014இல் யூட்டாவின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில், ஆண்டு மலருக்கு எடுத்த படங்களில் சில மாணவியர் உடைக்குக் கணினியால் கைகள் சேர்க்கப்பட்டன. ஒத்த உடை அணிந்த வேறு சிலரின் படங்களோ அவ்வாறே விடப்பட்டன. மாணவியர் சினங்கொண்டது பெரிதும் இவ்வேறுபாட்டின்மீதுதான். பிலடெல்பியா குருமார் ஆயிரவரும் ஒத்துப்போகாத இடத்தில் ஒரு பள்ளியால் மட்டும் ஒத்துப்போக இயலுமா? 2022இல் மோர்மன் கையேடு திருத்தி வெளியிடப்பட்டபோது, உடை வகைகளைப் பெயர் சுட்டி விலக்கிய விரிவான விதிகள் அதில் இடம்பெறவில்லை. முடிவு மீண்டும் வீட்டிற்கே அனுப்பப்பட்டது.

துணியை மாற்றாமல், காண்போரை மாற்றிப் பார்த்தவர்களும் உளர். 2003ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் இசுலாமிய மாணவியர் சிலர் தாமே முயன்று பெண்களுக்கு மட்டுமான புரோம் ஒன்றை நடத்தினர். ஆண்களோடு ஆடும் பள்ளி விருந்து அவர்களின் சமய வாழ்வுக்கு ஒவ்வாது. உள்ளே நுழைந்ததும் தலைத்துணியை நீக்கி, ஏனைய அமெரிக்கப் பெண்கள் அணிவது போன்ற கவுன்களில் அவர்கள் ஆடினர். தொழுகை வேளை வந்தபோது ஆடலை நிறுத்தி, மேலே துணி போர்த்தி ஒன்றாக நின்று தொழுதனர். பின்னர் மீண்டும் ஆடச் சென்றனர். தோள் எத்தனை அங்குலம் தெரியலாம் என்ற வினா அன்றிரவு அங்கே எழவில்லை.