இரு கோடுகளும் ஒரு தீர்ப்பும்

காவிரியின் தென்கரையில் திருச்சி. ஆற்றிடைத் தீவில் திருவரங்கம். எவ்வூர் ஏழை வயிறார உண்கிறான்? ‘கண்டாலே தெரியும்’ என்பர். கண்டது மட்டும் சான்றாகுமா என நாம் கேட்கிறோம்.

1931-இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மகலனோபிஸ், 1960-இல் ஒரு முறையை வெளியிட்டார். குடும்பங்களை ஏழை முதல் செல்வர் வரை வரிசைப்படுத்தி, சம எண்ணிக்கைக் குழுக்களாக்கி, ஒவ்வொன்றின் சராசரி உணவுச் செலவையும் புள்ளியிட்டு இணைப்பது அது. கோட்டின் வடிவம் இன்னதென்ற முன்முடிவு அதற்கில்லை!

ஓரூரிலேயே தனித்தனியே இரு மாதிரிகள் எடுப்பின், அவற்றின் கோடுகளும் விலகும். அவ்விலகலே பிழையின் அளவு. ஊர்களுக்கிடையே காணும் இடைவெளி அப்பிழையை விஞ்சினாலன்றி, வேற்றுமை உண்டெனத் தீர்ப்பளிக்க நமக்கு உரிமையில்லை.

ஏழையின் பசிக்காக வாதாடும் தோழர்களே, அளந்து பேசுவோம்! அளக்காத சொல் ஆதிக்கத்திற்கே அரணாகும்.